முடிச்சுப் போடத் தெரிந்தவர்களை நாங்கள் என்ன செய்தோம்?

எங்கட குழுவில ஒருத்தருக்கு இரவில நித்திரை வராட்டி யூடியூப்பில ஏதாவது சம்பந்தமில்லாத வீடியோ பார்க்கிற பழக்கம். அப்படித்தான் ஒருநாள் அமெரிக்க வேட்டைக்காரர் ஒருத்தரின் வீடியோ எங்கட வட்சப் குறூப்புக்கு வந்து சேர்ந்தது. மான் வேட்டைக்குப் போற ஆள். மரத்தில ஏறி, மேல ஒரு சின்னத் தட்டில மணித்தியாலக் கணக்கா இருந்து காத்திருப்பார். வீடியோ வேட்டையைப் பற்றியதே இல்லை. மரத்தில ஏறுறதுக்கான படிகளை ஒவ்வொன்றா எப்படிக் கயிற்றால கட்டுறது, எந்த முடிச்சு வழுக்காது, எந்த முடிச்சை இறங்கும்போது கெதியா அவிழ்க்கலாம் என்று இருபது நிமிஷம் விளக்குறார். கீழே ஆயிரக்கணக்கான லைக். அவரை எல்லாரும் ஒரு பெரிய வாத்தியார் மாதிரி மதிக்கினம்.

நாங்களும் முழுசாப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்தது. அதில அவர் ஒரு விஷயம் சொன்னார்: அங்கே பல மாநிலங்களில் பொதுக் காணியில் நிற்கிற மரத்துக்கு ஆணி அடிக்கவோ திருகுப்படி ஏற்றவோ கூடாதாம், மரம் பழுதாகுமாம். அதனாலதான் கட்டுறது.

அப்பதான் கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கட சிநேகிதி ஒருத்தி குறூப்பில ஒரே ஒரு வரி போட்டாள். "வாதுவைக்குப் போனா இதைச் சும்மா பார்க்கலாமே."

அவள் சொன்னது சரி. கரையோர ரயிலில் போற எவருக்கும் அது தெரியும், ஆனால் தெரிந்த மாதிரி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. வெள்ளவத்தையில் ஏறினால் தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை, பாணந்துறை தாண்டி பின்வத்தைக்குப் பிறகு தென்னந்தோப்புகள் ரயில் பாதைக்குக் கிட்ட வரும். அண்ணாந்து பார்த்தால் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருக்கும். கீழ்க்கயிறு கால் வைக்க, மேல்க்கயிறு கை பிடிக்க. காலையில் போனால் அந்தக் கயிற்றில் ஒரு மனுசன் இடுப்பில முட்டியோட நடந்து போறதும் தெரியும். கள்ளு எடுக்கிறவர். வாதுவை, களுத்துறைப் பக்கத்துத் தென்னங்கள்ளு சாராய வடிசாலைகளுக்குப் போகும் சரக்கு. நாங்கள் பள்ளிக்கூட சுற்றுலாவில பென்தோட்டைக்குப் போகும்போது யன்னலால பார்த்து "சர்க்கஸ்" என்று கத்தியிருக்கிறோம். அவ்வளவுதான் எங்கட அறிவு.

ஒரு சனிக்கிழமை காலமை நாலு பேர் போனோம். எங்கட சிங்களம் பஸ் கொண்டக்டரோட சண்டை பிடிக்கிற அளவுக்குத்தான் காணும். தொழில் விஷயம் கேட்கக் காணாது. எண்டாலும் தோப்பில நின்ற ஒரு மாமா, வயசு அறுபதுக்குக் கிட்ட இருக்கும், எங்களைப் பார்த்துச் சிரிச்சிட்டு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

படி என்பது பொச்சுமட்டை. தேங்காய் உரிச்ச பிறகு நாங்கள் குப்பையில போடுறமே, அதேதான். மட்டைத் துண்டை மரத்தோட சேர்த்து வைச்சு, தும்புக் கயிற்றால மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுறது. ஒரு எட்டு உயரத்துக்கு ஒன்று, அதுக்கு மேல இன்னொன்று, இப்படியே வட்டு வரைக்கும். பார்க்கச் சும்மா கட்டின மாதிரித்தான் இருக்கும். ஆனால் கால் வைச்சுப் பார்த்தால் (இரண்டாவது படிக்கு மேல எங்களில ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை) கொஞ்சம்கூட அசையேல்லை.

ஏன் அசையேல்லை என்று திரும்பி வரேக்க ரயிலில நல்லா வாதாடினோம். எங்களுக்கு விளங்கினது இதுதான். ஆளின் பாரம் மரத்துக்கு நேர் கீழே விழுறதில்லை. ஒரு பக்கத்தில, மட்டையில விழுது. அப்ப மரத்தைச் சுற்றியிருக்கிற கயிற்று வளையம் அந்தப் பக்கம் சரியப் பார்க்கும். சரியச் சரிய மற்றப் பக்கத்தில மரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில மட்டை ஆப்பு மாதிரி நிற்கும். அதாவது ஆளின் பாரம்தான் முடிச்சை இறுக்குது. உருவாஞ்சுருக்கு கழுத்தை இறுக்குற அதே கணக்கு, இங்கே உயிரைக் காப்பாற்றப் பயன்படுது. மட்டையின் தும்பு வழுக்காது. தும்புக் கயிறு கடற்காற்றுக்கும் உப்புக்கும் நல்லாத் தாக்குப் பிடிக்கும். எல்லாமே அந்தத் தோப்பிலேயே கிடைக்குது, ஒரு சதம் வெளியில போகாது.

இன்னொரு விஷயம். மாமரத்தையோ பலாவையோ இப்படி இறுக்கிக் கட்டி வருஷக்கணக்கா விட்டால் மரம் பருத்து, கயிறு பட்டைக்குள்ள வெட்டிக்கொண்டு போய், சாறு ஓடுற வழியை அடைத்து மரத்தையே சாகடிக்கும். தென்னை அப்படி இல்லை. தென்னையும் பனையும் புல்லினத்துக்குக் கிட்டின சாதி. தண்டு ஒருக்கா உயர்ந்த பிறகு வருஷா வருஷம் பருக்கிறதில்லை. அதனால கட்டு அப்படியே இருக்கலாம், மரத்துக்கு நோகாது. ஆனால் அதே காரணத்தால தென்னைக்குக் காயம் பட்டால் ஆறவும் ஆறாது. ஆணி அடிச்சால் அந்த ஓட்டை சாகும்வரைக்கும் ஓட்டைதான். காயம் பட்ட இடத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வரும். ஆக, அமெரிக்காவில சட்டம் போட்டுச் சொல்லிக் குடுக்கிற விஷயத்தை வாதுவையில ஒருத்தரும் சட்டம் போடாமலே செய்துகொண்டிருக்கினம். அந்த மாமாவிடம் ஆணி அடிக்கலாமே என்று கேட்டபோது அவர் எங்களைப் பார்த்த பார்வை, மாட்டுக்குக் கண்ணில குத்தலாமே என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

எங்களோட வந்த ஒருத்தன் பள்ளிக்கூடத்தில சாரணர். குனிஞ்சு முடிச்சைப் பார்த்திட்டு, "டேய், இது குளோவ் ஹிச் மாதிரியெல்லோ" என்றான். கயிறு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது சுற்று முதலாவதின் மேலால குறுக்கே போய், நுனி தனக்குக் கீழாலேயே நுழைஞ்சு வெளியே வாற முடிச்சு. அதை ஒரு தடியில கட்டிக் காட்டினதுக்கு அவனுக்குப் பாராட்டு, சட்டையில குத்துறதுக்குச் சின்னம், வீட்டில கேக். அவன்ட அம்மா அந்தச் சட்டையை இன்னும் மடிச்சு வைச்சிருக்கிறா.

எங்கட கேள்வி இங்கதான் தொடங்குது.

ஒரே முடிச்சு. பள்ளிக்கூட மைதானத்தில போட்டால் ஒழுக்கம், தலைமைத்துவம், திறமை. அமெரிக்கக் காட்டில போட்டால் பொழுதுபோக்கு, வீரம், லட்சக்கணக்கில வியூஸ். எங்கட ஆள் நாப்பது அடி உயரத்தில ஒவ்வொரு நாளும் போட்டால் மட்டும் அது ஏன் "மரமேறி" என்ற வசைச்சொல்லா மாறுது?

இதுக்குப் பதில் தெரியாத மாதிரி நடிக்கலாம். கொழும்பில நடிக்கிறது சுலபம். "கொழும்பில சாதியெல்லாம் யார் பார்க்கினம்?" என்ற வசனத்தை வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில எத்தனை தரம் கேட்டிருப்போம். பார்க்காதவை கலியாணப் பேச்சு வரும்போது மட்டும் ஊரில எந்தக் குறிச்சி, எந்தக் கோயில், ஆற்ற பிள்ளை என்று ஏன் கேட்கினம் என்று நாங்கள் திருப்பிக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் என்பது சாதியால் குறிக்கப்பட்ட தொழில். நளவர், பள்ளர் என்று பிரிக்கப்பட்ட மக்களின் தலையில் எழுதப்பட்ட வேலை. பனையில் ஏறினவர் இறக்கித் தந்த கள்ளையும் கருப்பணியையும் குடிச்சவை, பனங்கட்டியைக் கடிச்சுத் தேத்தண்ணி குடிச்சவை, அவரைக் கோயிலுக்குள்ளயும் தேத்தண்ணிக் கடைக்குள்ளயும் விடேல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் விடேல்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் தொடங்கின போராட்டமும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததும் எங்கட பாடப் புத்தகத்தில் இல்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' எங்கட வீட்டு அலுமாரிகளிலயும் இல்லை. என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' கதையை வாசிச்சவைக்குத் தெரியும்: மதுவிலக்குக் கூட்டத்தில் பேசிப்போட்டு வந்த பெரியவர், தன்னைத் தேடி வந்த ஒடுக்கப்பட்ட சாதிக்காரரை வீட்டுக்குள் கூப்பிட மனமில்லாமல் வெளியில நிலவு நல்லாயிருக்கு என்று சொல்லிச் சமாளிப்பார். எங்கட அப்பார்ட்மென்ட்டுகளுக்கு முற்றம் இல்லாததால் நிலவுக்கு வேற பேர் வைச்சிருக்கிறம், அவ்வளவுதான்.

தெற்கிலயும் கதை பெரிசா வித்தியாசமில்லை. சிங்களச் சாதி அடுக்கில் கள்ளுச் சீவுறது துராவ சாதியோட சேர்த்துச் சொல்லப்பட்ட தொழில். வாதுவை மாமாவின் மகன் கட்டுநாயக்காவில வேலை. "அவன் வரமாட்டான், வரவும் வேண்டாம்" என்று அவர் சொன்னதில கோபம் இல்லை.

இதில எங்களுக்கும் தெளிவு வேணும். "ஐயோ, பாரம்பரியக் கலை அழியுது, இளைஞர் இதைத் தொடர வேணும்" என்று நாங்கள் எழுத வரேல்லை. அதை எழுதுறவை ஒருநாளும் தங்கட பிள்ளையைப் பனையில ஏத்தப் போறதில்லை. தகப்பன் ஏறினதால மகனும் ஏறத்தான் வேணும் என்பதுதானே சாதி. அந்தப் பிள்ளைகள் இறங்கி வந்தது வெற்றி. இறங்கி வந்த பிறகும், ஏறினதை ஒளிக்க வேண்டியிருக்குதே, அதைத்தான் நாங்கள் கேட்கிறம்.

அந்த ஒரு வரி போட்ட சிநேகிதியின் அம்மப்பா வடமராட்சியில் பனை ஏறினவர். இதை அவள் எங்களுக்குச் சொன்னது வாதுவையில் இருந்து திரும்பி வரேக்க, பாணந்துறைக்கும் மொறட்டுவைக்கும் இடையில. ஏழு வருஷச் சிநேகிதம். ஏழு வருஷமா எங்களுக்குத் தெரியாது. எங்களில ஒருத்தர் ஒருக்கா பகிடியா "மரமேறி" என்று இன்னொருத்தரைப் பேசினபோது அவளும் அந்த இடத்தில இருந்திருக்கிறாள், சிரிச்சும் இருக்கிறாள். அந்தப் பகிடி விட்டவர் இந்தக் கட்டுரையை எழுதுறவர்களில ஒருத்தர்.

வடக்கில் படி கட்டுற வழக்கம் தென்னைக்குத்தான் பொருந்தும். பனை வேற மாதிரி. படியை மரத்தில கட்டுறதுக்குப் பதிலா முடிச்சைக் காலில போட்டுக்கொண்டு ஏறுறது. அதுக்குப் பேர் தளநார். இரண்டு காலையும் சேர்த்து மாட்டுற நார் வளையம். கால்கள் விலகாமல் பிடிச்சு, பாதங்களை மரத்தோட அமத்தும். மரத்தின் சொரசொரப்பும் வளையத்தின் இறுக்கமும் சேர்ந்துதான் ஆளைத் தாங்கும். கைகள் அணைச்சு மேல போகும், கால் எத்தி எழும்பும், திரும்பக் கைகள். இடுப்பில பாளைக்கத்தி, முட்டி. காலையும் பின்னேரமும், ஒரு நாளில எத்தனை மரமோ அத்தனை தரம் ஏறி இறங்கல். தென்னந்தோப்பில மாதிரி மரத்துக்கு மரம் கயிற்றில நடக்கிற வசதியும் கிடையாது. தளை என்றால் கட்டு, விலங்கு. யாப்பிலக்கணத்தில நாங்கள் மனப்பாடம் செய்த அதே தளைதான். காலுக்கு விலங்கு போட்டுக்கொண்டு மேல போற ஒரே தொழில் இதுவாத்தான் இருக்கும் என்று அவள் சொன்னாள். நாங்கள் ஒண்டும் பேசேல்லை.

அவளின் அம்மா 1990களில் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர். ஊரில நின்ற பனைகளில் கொஞ்சம் பங்கருக்குக் குற்றியாப் போனது, மிச்சம் யாரும் ஏறாமல் நிற்குது. அம்மப்பா செத்தபிறகு தளநாரும் கத்தியும் என்ன ஆனதென்று வீட்டில ஒருத்தரும் சொல்றதில்லை. படலைக்குப் பின்னால எரிச்சதாத்தான் அவளுக்கு ஞாபகம். பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில கலியாணம் ஆகவேணும் என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கினது அவையள் இல்லை.

இப்ப விழுகிற கதைக்கு வருவம். அமெரிக்க வேட்டைக்காரருக்குத் துவக்குக் குண்டை விட மரத்திலிருந்து விழுறதுதான் பெரிய ஆபத்துகளில ஒன்று. அதனால அந்த வீடியோவில அவர் முதல்ல செய்தது இடுப்புப்பட்டி மாட்டினது. நிலத்தில கால் எடுக்கிறதுக்கு முதலே கயிற்றில கொழுவிட்டார். "இது இல்லாமல் ஏறுறவன் முட்டாள்" என்றார். எங்கட ஆள் முட்டாள் இல்லை. அவருக்கு ஒருத்தரும் பட்டி வாங்கிக் குடுக்கேல்லை, வாங்கினாலும் ஒரு நாளைக்கு இத்தனை மரம் என்ற கணக்கில அதை மாட்டிக் கழட்ட நேரம் இல்லை. மழைக்குப் பாசி பிடிச்ச மரம், உளுத்துப்போன கயிறு, குளவி, மின்னல். இதில எது வந்தாலும் முதுகெலும்புதான். விழுந்து பிழைச்சவை சக்கர நாற்காலியில இருக்கிறதை ஊருக்குப் போகும்போது பார்த்திருக்கிறம். "குடிச்சிட்டு ஏறியிருப்பார்" என்று சொல்லிப்போட்டுக் கடந்தும் போயிருக்கிறம். விழுந்தவன்மேலயே பழியைப் போடுறதுக்கு எங்கட வாயில எப்பவும் ஒரு வசனம் ரெடியா இருக்கும்.

வேற வழி இல்லை என்றும் சொல்லேலாது. கேரளத்தில் மரமேற ஆள் இல்லாமல் தேங்காய் பறிக்க முடியாத நிலை வந்தபோது அங்கத்தைய தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் மரமேறும் கருவியில் பயிற்சி, கூடவே காப்புறுதி. கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரியில் ஒரு விவசாயி கண்டுபிடிச்ச கருவியும் அதில் ஒன்று. அதுவும் கம்பி வளையத்தால மரத்தைச் சுற்றிப் பிடிச்சு, ஆளின் பாரத்திலேயே இறுகுற கருவிதான். பொச்சுமட்டைப் படியின் அதே தத்துவம், இரும்பில. முக்கியமான விஷயம் கருவி இல்லை. ஒரு குறிப்பிட்ட சாதி மட்டும் செய்யவேண்டிய வேலை என்று இருந்ததை, சீருடை போட்டு, பயிற்சிச் சான்றிதழ் குடுத்து, ஆரும் செய்யலாம் என்று ஆக்கினதுதான். அதால கேரளத்தில சாதி ஒழிஞ்சிட்டுதா என்று கேட்டால் இல்லை. ஆனால் ஒரு பெண் ஸ்கூட்டியில வந்து இறங்கி, மெஷினை மாட்டி, தேங்காய் பறிச்சுப்போட்டு, காசை எண்ணி வாங்கிக்கொண்டு போறதை அங்கே ஆக்கள் பார்த்திருக்கினம். பார்த்தால் ஏதோ ஒன்று மாறும்.

இங்கேயும் அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. அதின்ட 'கற்பகம்' கடையில ஒடியல் மாவும் பனங்கட்டியும் நாங்களும் வாங்கிறம். வெளிநாட்டில இருந்து வாற சித்திக்குப் பனையோலைப் பெட்டி வாங்கிக் குடுக்கிறம். பனை எங்கட அடையாளம் என்று ரீசேர்ட்டில படம் அடிச்சுப் போடுறம். அந்தப் படத்தில எப்பவும் பனை மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது. கவனிச்சுப் பாருங்கோ.

எங்களால செய்யக்கூடியது சின்னன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில இன்னும் மிஞ்சியிருக்கிற நாலைஞ்சு தென்னைக்குத் தேங்காய் பறிக்க வாற அண்ணையோட "ஒரு மரத்துக்கு இவ்வளவா" என்று பேரம் பேசுறதை நிப்பாட்டலாம். பீட்சா டிலிவரிக்கு நாங்கள் ஒருநாளும் பேரம் பேசுறதில்லை. "தம்பி", "டேய்" என்று கூப்பிடுறதையும் நிப்பாட்டலாம், அவருக்கு எங்கட அப்பாவின் வயசு. அடுத்தது, முடிச்சுகளை எழுதி வைக்கிறது. 1944இல் வந்த ஆஷ்லியின் முடிச்சுப் புத்தகத்தில் கிட்டத்தட்ட 3900 முடிச்சுகள். கப்பற்காரர், கசாப்புக்காரர், சப்பாத்துத் தைக்கிறவர் எல்லாற்ற முடிச்சையும் ஒருத்தர் வருஷக்கணக்கா இருந்து வரைஞ்சு வைச்சார். தளநார் எத்தனை சாண், எந்த மட்டையில் நார் கிழிக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துறது என்று சொல்லக்கூடியவை இப்ப எழுபது எண்பது வயசில இருக்கினம். எங்கட கையில ஃபோன் இருக்கு. ஊருக்குப் போனால் கோயில் கோபுரத்தை மட்டும் படமெடுக்காமல் அவையளிட்டயும் போய் இருந்து கேட்கலாம், அவையள் சொல்ல விரும்பினால். விரும்பாட்டி அதுக்கும் காரணம் இருக்கு, திரும்பி வரவேணும்.

மற்றது காப்புறுதியும் பட்டியும். இதை நாங்கள் தனியா வாங்கிக் குடுக்கேலாது, கேட்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் பனை வளம் பற்றிப் பேசுற ஆக்களிட்ட, "ஏறுறவருக்கு என்ன?" என்று ஒரு கேள்வியாவது.

இந்தக் கட்டுரையைப் போடுறதா வேண்டாமா என்று இரண்டு கிழமை இழுபட்டது. சிநேகிதி ஊரின் பேர் வேண்டாம், தன்ட பேரும் வேண்டாம், மிச்சத்தை எழுதுங்கோ என்றாள். அவளின் அம்மா முதலில "உதெல்லாம் என்னத்துக்கு இப்ப" என்றுதான் சொன்னவ. நாங்கள் எழுதின முதல் வடிவத்தை அவளின் ஃபோனில வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி வாசலில நின்றபடியே வாசிச்சிருக்கிறா. வாசிச்சு முடிச்சுத் திருப்பிக் குடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னவவாம்.

"தளநாரைக் கயிறெண்டு எழுதியிருக்கிறியள். அது கயிறில்லை, நார். அப்பு பச்சை மட்டையில கிழிச்சுத் தண்ணியில ஊறப்போடுவார். நான்தான் வாளிக்குத் தண்ணி அள்ளி ஊத்துறனான்."

மாத்திவிட்டோம்.